பல்லில் கம்பி ஒட்டும் முன்: அமில ஜெல்லா, செல்ஃப் எட்ச்சா, கிளாஸ் அயனோமரா?

அருமனைப் பக்கம் இருந்து ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு என் பல் கிளினிக்குக்கு வந்திருந்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளை. மேல்வரிசை முன்னால் தள்ளியிருந்தது. எல்லாம் பேசி, கம்பி போடத் தேதியும் குறித்த பிறகு, எழுந்து போனவர் கதவுப் பக்கம் நின்று திரும்பிக் கேட்டார்: "டாக்டரே, பல்லுல ஆசிட் வச்சுத்தான் ஒட்டுவீங்கன்னு சொல்லுதாங்களே, உள்ளதா?"

உள்ளதுதான் என்றேன். என்ன ஆசிட், எத்தனை விநாடி, பல்லில் எவ்வளவு ஆழம் போகும் என்று சொன்னேன். அவர் பயத்தில் கேட்டவர் இல்லை. தினமும் ரப்பர் பாலில் ஆசிட் கலந்து உறைய வைக்கிற மனிதர். "கூடினா ஷீட்டு கெட்டுப்போகும், குறைஞ்சா நேரத்துக்கு உறையாது. அதுபோலத்தானே?" என்றார். ஏறக்குறைய அதுபோலத்தான். பல் மருத்துவக் கல்லூரியில் எனக்கு ஒரு வாரம் நடத்திய பாடத்தை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போனார்.

அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டாள், மார்த்தாண்டத்தில் புதிதாகக் கிளினிக் திறந்திருக்கும் என் ஜூனியர். "அக்கா, சாதாரண ஆசிட் ஜெல் வாங்கவா, கழுவ வேண்டாத செல்ஃப் எட்ச் வாங்கவா? விக்க வாறவர் இப்போ எல்லாரும் செல்ஃப் எட்ச்தான் வாங்குதாங்கன்னு சொல்லுதார்." போனில் அரைமணி நேரம் பேசியும் தீரவில்லை. அதனால் எழுதுகிறேன். கம்பி போடப் போகிறவர்களும் பெற்றோரும் படித்தால் புரியும்படியே எழுதுகிறேன். உங்கள் பல்லில் என்ன வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் என் சேரில் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஏழெட்டுப் பேருக்குப் பழைய 37 சதவீத ஃபாஸ்பாரிக் அமில ஜெல்தான். மீதிப் பேருக்குச் செல்ஃப் எட்ச், அல்லது கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட். அந்த இரண்டு மூன்று பேர் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது.

ஏன் அப்படியே ஒட்டக்கூடாது

பல்லின் வெளி ஓடான எனாமல் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் 96 சதவீதம் தாது; மீதி தண்ணீரும் துளி புரதமும். மேற்பரப்பு வழுவழுவென்று இருக்கும். அதன்மேல் எச்சிலில் இருந்து வரும் மெல்லிய புரதப் படலம் எந்நேரமும் படிந்திருக்கும். பிராக்கெட்டை (பல்லில் ஒட்டி, கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டை) ஒட்டப் பயன்படும் காம்போசிட் என்ற ரெசின் பசைக்கு ஈரம் ஆகாது. இந்தப் பரப்பில் அதை அப்படியே வைத்து ஒட்டினால், எண்ணெய் தடவிய தட்டில் வெந்த இட்லி மாதிரி, நெம்பினவுடன் முழுசாக வந்துவிடும்.

இதற்கு வழி சொன்னவர் மைக்கேல் புவனகோர். அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் வேலை பார்த்த பல் மருத்துவ ஆராய்ச்சியாளர். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க அதன்மேல் முதலில் ஃபாஸ்பாரிக் அமிலம் பூசுவது தொழிற்சாலைகளில் வழக்கம். அதையே பல்லில் செய்து பார்த்து 1955-இல் எழுதினார். அவர் வைத்தது 85 சதவீத அமிலம், 30 விநாடி. அதற்கு முன்பெல்லாம் கம்பி போடுவது என்றால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்ட வேண்டும். இன்று முன்பல்லில் சின்ன பிராக்கெட் மட்டும் ஒட்டியிருக்கிறதே, அதற்குத் தொடக்கம் அந்த 30 விநாடிதான்.

அமிலம் செய்வது இதுதான், இதைத்தான் எட்ச்சிங் என்கிறோம். எனாமல் லட்சக்கணக்கான நுண்ணிய கம்பங்களை நெருக்கி அடுக்கியது போன்ற அமைப்பு. அமிலம் மேலே ஏறக்குறைய 10 மைக்ரானைக் கரைத்து, கம்பங்களின் நடுவையோ விளிம்பையோ குடைந்து, பரப்பை நுண்ணிய குழிகளாக்குகிறது. ஈரம் போனதும் அந்தக் குழிகளில் நீர்த்த ரெசின் இறங்கி, லைட் அடித்ததும் உள்ளேயே இறுகி, வேர் பிடித்ததுபோல நிற்கிறது. முன்பல்லின் வெளிப்பக்க எனாமல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன். 10 மைக்ரான் என்பது அதில் நூறில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனைவிட எவ்வளவோ குறைவு. "பல்லு கரைஞ்சிராதா?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

37 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. அமிலம் ரொம்ப நீர்த்துப்போனால், 30 சதவீதத்துக்கும் கீழே, கரையாத ஒரு கால்சியம் உப்பு பரப்பில் படிந்து கழுவினாலும் போகாமல் நிற்கும். 50-ஐத் தாண்டினால் வேறொரு உப்பு உருவாகி, அமிலத்தை மேற்கொண்டு வேலை செய்யவிடாமல் மறித்துக்கொள்ளும். அமிலம் கூடினால் ஆழம் கூடும் என்றுதான் நமக்குத் தோன்றும். பல்லில் அப்படி நடப்பதில்லை. அருமனைக்காரரின் ஷீட்டைப்போல இதற்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது.

பழைய வழி: ஜெல் வைத்து, கழுவி, காய வைப்பது

பல்லைப் பியூமிஸ் பொடியால் தேய்த்துச் சுத்தம் செய்து, பிராக்கெட் உட்காரும் இடத்தில் மட்டும் ஜெல் வைத்து 15 முதல் 30 விநாடி விட்டு, நன்றாகக் கழுவி, காற்றடித்துக் காய வைத்து, பிரைமர் (அந்த நீர்த்த ரெசின்) தடவி, பசை வைத்த பிராக்கெட்டைப் பதித்து லைட் அடிப்பது. அந்தக் காலத்தில் ஒரு நிமிடம் வைத்தார்கள். கறையோ குறையோ இல்லாத, கெட்டும் போகாத சாதாரணப் பல்லுக்கு 15 விநாடியே போதும் என்று பிறகு தெரிந்தது. ஜெல் ஈறில் பட்டால் சற்று நேரம் வெளுத்துத் தெரியும், கழுவினால் சரியாகிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் நோயாளிக்குக் கட்டாயம் மாட்ட வேண்டும். அதில் சலுகையே கிடையாது.

இந்த முறையை நான் விடாமல் பிடித்திருப்பதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கழுவிக் காய வைத்ததும் அந்த இடம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி மங்கிய வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் வேலை நடந்திருக்கிறது. தெரியாவிட்டால் நடக்கவில்லை, மறுபடி வை. பிராக்கெட் ஒட்டுவதற்கு முன்பே பல் நமக்குப் பதில் சொல்லிவிடுகிறது. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய துணை கிடையாது.

பலவீனமும் அங்கேதான். கழுவ வேண்டும் என்பதால் வாயில் தண்ணீர் சேரும். காய வைத்த பல்லை நாக்கு தொட்டுவிடும். அமிலம் வைத்த எனாமலில் ஒரு விநாடி எச்சில் பட்டாலும் புரதப் படலம் ஒட்டிக்கொள்ளும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போகாது. திரும்ப ஜெல் வைக்கத்தான் வேண்டும். 'லேசாகத்தானே பட்டது' என்று விட்ட ஒவ்வொரு பல்லும் பின்னால் என்னைத் தேடி வந்திருக்கிறது.

ஈரம் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தொழில் செய்கிற யாருக்கும் இது நடக்கும்.

கிளினிக் தொடங்கிய முதல் வருடம். ஆனி மாதம், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்த கழன்ற பிராக்கெட்டுகள் திடீரென்று தினமும் வர ஆரம்பித்தன. ஜெல்லை மாற்றினேன். பசையை மாற்றினேன். லைட்டை மாற்றினேன். முட்டத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஓர் அம்மாவிடம், "பிள்ளை கருப்பட்டியைக் கடிச்சிருப்பான், பார்த்துக்கோங்க" என்றுகூடச் சொல்லிவிட்டேன். பையன் "நான் கடிக்கல டாக்டரே" என்று தலைகுனிந்து சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

அப்புறம் ஒருநாள், காற்றடிக்கும் சிரிஞ்சைத் தற்செயலாக முகம் பார்க்கும் கண்ணாடிப் பக்கம் திருப்பி அழுத்தினேன். கண்ணாடியில் பொடிப்பொடியாக நீர்த்துளி. கம்ப்ரஸரின் அடித்திருகைத் திறந்தால் ஒரு செம்புத் தண்ணீர் வந்தது. காற்றில் இருக்கும் ஈரத்தைக் கம்ப்ரஸர் இறுக்கும்போது அது தொட்டிக்குள் தண்ணீராகிச் சேரும். நமக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு, கடலும் பக்கம். வறண்ட ஊரில் வாரம் ஒருமுறை திறந்துவிட்டால் போதுமான திருகை இங்கே தினமும் திறக்க வேண்டும். நான் 'காய வைக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லுக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் போடும் வகைக் கம்ப்ரஸராக இருந்தால் கூடவே எண்ணெயும் வரும். அது இன்னும் மோசம்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்து, பையன்மேல் தவறில்லை, என் மெஷினில்தான் கோளாறு என்று சொன்னேன். கழன்ற பிராக்கெட்டுகளை இலவசமாக ஒட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இரவு கடை சாத்தும்போது திருகைத் திறந்துவிடுவதும், காலையில் முதல் காற்றைக் கண்ணாடியில் அடித்துப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. காற்றுக் குழாயில் ஈரம் பிடிக்கும் ஃபில்டரும் மாட்டியிருக்கிறேன்.

செல்ஃப் எட்ச்: கழுவ வேண்டாம் என்பதன் விலை

இதில் அமிலமும் பிரைமரும் ஒரே திரவம். ஃபாஸ்பாரிக் அமிலத்தோடு இணைத்த ரெசின் மூலக்கூறுகள். ட்ரான்ஸ்பாண்ட் பிளஸ் போன்றவை ஒரு நோயாளிக்கு ஒன்று என்ற கணக்கில், குச்சிமிட்டாய் மாதிரி ஒரு பொட்டலத்தில் வரும். அழுத்திக் கலந்து, அந்தக் குச்சியாலேயே பல்லில் 3 முதல் 5 விநாடி தேய்த்து, மெல்லக் காற்றடித்தால் போதும். அமிலம் கால்சியத்தைக் கரைக்கும். கரைந்த கால்சியமே அமிலத்தை அடக்கிவிடும். கரைந்த ஆழம் வரைக்கும் ரெசின் கூடவே போயிருக்கும். கழுவுவதற்கு எதுவும் மிச்சமில்லை. குழி விழும் ஆழமும் சாதாரண ஜெல்லைவிடக் குறைவு.

விற்க வருகிறவர் சொல்வது பொய்யில்லை. கழுவும் வேலை போய்விடுகிறது, நேரம் மிச்சம். 2012-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, இரண்டு வரிசைக்கும் சேர்த்து 8 நிமிடம் மிச்சமாகலாம் என்று கணக்கிட்டது. ஒரு வருடத்துக்குள் கழலும் வாய்ப்பு செல்ஃப் எட்ச்சில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், ஆனால் அதற்கான ஆதாரம் வலுவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. அடுத்த வருடம், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஆக, 'செல்ஃப் எட்ச் நிற்காது' என்று பழைய ஆட்கள் சொல்வதும் சரியில்லை, 'அதுதான் எல்லாவற்றுக்கும் மேல்' என்பதும் சரியில்லை.

அந்த 8 நிமிடம் யாருக்கு வேண்டும் என்று பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குப் புதிதாகக் கம்பி போடும் பெரிய இடத்துக்கு அது பெரிய விஷயம். மார்த்தாண்டத்தில் இப்போதுதான் பலகை மாட்டியவளுக்கு வாரத்துக்கு ஒரு புது ஆள் வந்தாலே சந்தோஷம். அவளுக்கு 8 நிமிடத்தைவிட ஒரு பொட்டலத்தின் விலைதான் உறுத்தும். ஒரு சிரிஞ்ச் ஜெல் பல நோயாளிகளுக்கு வரும். பொட்டலம் ஒருவரோடு முடிந்தது.

இன்னொன்று, செல்ஃப் எட்ச்சில் அந்தச் சுண்ணாம்பு வெள்ளை தெரியாது. சரியாகத் தேய்த்தோமா, பட்ட இடத்தில் பட்டதா என்று பல் சொல்லாது. அதனால் கை பழகியவர்களுக்கே இது ஏற்றது என்பது என் எண்ணம். அப்புறம், பியூமிஸ் போட்டுத் தேய்ப்பதை இதில் தவிர்க்கவே கூடாது. சாதாரண ஜெல் மெல்லிய அழுக்குப் படலத்தையும் தானே கரைத்துத் தள்ளிவிடும்; இந்தத் திரவத்துக்கு அந்தப் பலம் இல்லை. நேரம் மிச்சமாகும் என்று வாங்கிவிட்டு, பியூமிஸையும் விட்டுவிட்டு, பிராக்கெட் கழலுகிறதே என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொட்டலத்தைக் குளிரில் இருந்து எடுத்த கையோடு பிரிப்பதும் வேண்டாம். நம் ஊர்க் காற்றில் குளிர்ந்த பொருள்மேல் உடனே நீர் பூக்கும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

நான் இதை எடுப்பது எப்போது? கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பிராக்கெட் வைக்கும்போது. கன்னமும் நாக்கும் சேர்ந்து நெருக்குகிற அந்த மூலையில் ஜெல்லைக் கழுவிக் காய வைப்பது போராட்டம். குமட்டல் வருகிற பிள்ளைகளுக்கு. அண்ணத்தில் புதைந்த கோரைப்பல்லை ஈறைத் திறந்து வெளியே கொண்டுவரும்போது. சுற்றிலும் ரத்தக்கசிவு இருக்கும் இடத்தில் காய வைக்க இருபது விநாடி கிடைப்பதே அரிது. இந்த மூன்று இடத்திலும் அதன் விலை எனக்கு உறுத்துவதில்லை.

கிளாஸ் அயனோமர்: பல் தேய்க்காதவர்களுக்காக

ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர், ஃப்யூஜி ஆர்த்தோ போன்றவை, வேறு சாதி. இதற்குப் பல்லை 10 சதவீத பாலிஅக்ரிலிக் அமிலத்தால் 20 விநாடி துடைத்தால் போதும். அது குழி பறிக்கும் அமிலம் இல்லை. அழுக்குப் படலத்தை எடுத்துப் பரப்பைத் தயார்செய்யும், அவ்வளவுதான். சிமென்ட் பல்லின் கால்சியத்தோடு வேதியியலாகவே பிணைகிறது. பல்லைச் சுக்காகக் காய வைக்கக் கூடாது, லேசான ஈரம் இருக்க வேண்டும். மற்ற இரண்டிலும் நமக்கு எதிரியான ஈரம் இதில் கூட்டாளி. போதாததற்கு ஃப்ளூரைடையும் கசிய விடும். பற்பசையில் உள்ள ஃப்ளூரைடைத் திரும்ப வாங்கியும் வைத்துக்கொள்ளும்.

குறை, பிடிப்பு குறைவு. முதல் நாளில் இன்னும் குறைவு. அதனால் ஒட்டிய அன்று மெல்லிய கம்பியைத் தவிர எதையும் இதில் கட்டக் கூடாது. அமில ஜெல் வைத்த பிறகு இதே சிமென்ட்டால் ஒட்டினால் பிடிப்பு கூடும். ஆனால் எனாமலைக் குடையாமல் விடுவது என்ற முதல் லாபம் அப்போது போய்விடும்.

ஃப்ளூரைடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கம்பி போட்ட பல்லின் உண்மையான எதிரி எட்ச்சிங் இல்லை, பிராக்கெட்டைச் சுற்றித் தங்கும் அழுக்கு. கம்பியைக் கழற்றிய அன்று பல் நேராக இருக்கும். ஆனால் பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைச் சட்டம் மாதிரி தழும்பு தெரியும். எனாமலில் இருந்து தாது கரைந்துபோன இடம் அது. 1982-இல் வந்த பழைய அமெரிக்க ஆய்வு ஒன்றில், கம்பி போட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு பல்லிலாவது அப்படி வெள்ளைத் தழும்பு இருந்தது. 15 விநாடி அமிலம் கரைத்த இடத்தை ரெசின் மூடிவிடும். மூடாத ஓரத்தில் எச்சிலே தாதுவைத் திரும்பப் படிய வைத்துவிடும். ஒன்றரை வருட அழுக்கு கரைத்ததை அப்படித் திரும்ப வாங்க முடியாது.

அதற்காக, சிமென்ட் மாற்றினால் பல் தேய்க்க வேண்டாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கசியும் ஃப்ளூரைடு முதல் நாள்களில் அதிகம், போகப்போகக் குறையும். பிரஷ் செய்யும் வேலையை அது செய்யாது.

பிடிப்பு எண்களை எப்படிப் பார்ப்பது

விளம்பரத் தாள்களில் 15, 20 மெகாபாஸ்கல் (பிடிப்பை அளக்கும் அலகு) என்று பெரிய எழுத்தில் இருக்கும். அவை பிடுங்கிய பல்லில், ஆய்வகத்தில், ஈரமே இல்லாத இடத்தில் எடுத்த எண்கள். வாயில் போதுமான பிடிப்பு 6 முதல் 8 மெகாபாஸ்கல் என்று 1975-இல் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர் சொன்னதைத்தான் இன்றும் எல்லாரும் அளவுகோலாக வைக்கிறார்கள். கச்சிதமாகச் செய்தால் ஜெல்லும் செல்ஃப் எட்ச்சும் அதைத் தாண்டிவிடும். கிளாஸ் அயனோமர் பக்கத்தில் நிற்கும்.

பிடிப்பு கூடக் கூட நல்லது என்பதும் இல்லை. ஒருநாள் அதைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது பசை பல்லின் மேலேயே தங்கிவிட்டு பிராக்கெட் மட்டும் வருவதுதான் எனக்குப் பிடித்தது. மிச்சப் பசையை டங்ஸ்டன் கார்பைடு பர்ரால் (சுழலும் சின்ன அரைமுனையால்) மெல்ல எடுத்துவிடலாம். பசையோடு எனாமல் சில்லும் சேர்ந்து வருவதுதான் பயம். பல் நிறத்தில் வரும் செராமிக் பிராக்கெட்டில் அந்தப் பயம் கூடுதல். கல்யாணத்துக்கு முன் கம்பி தெரியாமல் போட வேண்டும் என்று வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர்ரைக் கவனமில்லாமல் ஓட்டினால், அமிலம் எடுத்ததைவிடக் கூடுதலாக எனாமல் தேய்ந்துபோகும். ஆசிட்டைப் பற்றிக் கேட்கிற பெற்றோர்கள் இதையும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

எல்லாப் பல்லும் ஒரே பல் இல்லை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்து, இங்கே படிக்கவோ வேலைக்கோ வருகிற சிலருக்குப் பல்லில் மங்கிய வெள்ளையும் பழுப்புமாகக் கறை இருக்கும். குடித்த தண்ணீரில் ஃப்ளூரைடு கூடியதால் வருவது. அந்த எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. செல்ஃப் எட்ச் அங்கே வேண்டாம். ஜெல்லையே கூடுதல் நேரம், ஒரு நிமிடத்துக்கு மேலும் வைக்க வேண்டியிருக்கும். சில சமயம் மேல்தோலை மெல்ல உரசிவிட்டு வைக்க வேண்டும். அப்போதும் சுண்ணாம்பு வெள்ளை வந்ததா என்று பார்ப்பதுதான் கணக்கு, கடிகாரம் இல்லை.

பல் உருவாகும்போதே ஏற்பட்ட குறையால் சில பிள்ளைகளுக்கு முன்பல்லிலும் முதல் கடைவாய்ப் பல்லிலும் பால் நிறத்திலோ மஞ்சளாகவோ திட்டு இருக்கும். அங்கே எனாமலில் தாது குறைவு, புரதம் வழக்கத்தைவிடப் பல மடங்கு. அமிலம் புரதத்தைக் கரைக்காது. அதனால் 5.25 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டால் ஒரு நிமிடம் துடைத்துக் கழுவிவிட்டு ஜெல் வைப்பவர்கள் உண்டு. நானும் செய்கிறேன், ஆனாலும் அந்தக் கடைவாய்ப் பல்லுக்கு வளையம் மாட்டுவதே எனக்கு நிம்மதி. பல்லை வெளுக்க வைத்துக்கொண்டு வந்தவர்களை இரண்டு வாரமாவது காத்திருக்கச் சொல்லுங்கள். எனாமலில் தங்கிய ஆக்சிஜன் ரெசினை இறுக விடாது.

அலுமினியம் ஆக்சைடு பொடியைப் பீய்ச்சிப் பரப்பைச் சொரசொரப்பாக்கும் முறையும், எர்பியம் லேசரும் இருக்கின்றன. பொடி மட்டும் எனாமலுக்குப் போதாது. போர்சலின் கிரவுன்மேலும் உலோகத்தின்மேலும் ஒட்டும்போது அதற்கு நல்ல வேலை உண்டு. லேசர் இந்த ஒரு வேலைக்காக வாங்கத் தக்கது இல்லை.

முடிவெடுக்கும்போது மனதில் வைப்பது

நான் இரண்டே கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பல்லை எத்தனை விநாடி ஈரமில்லாமல் என்னால் வைத்திருக்க முடியும்? இந்த ஆள் கழன்றால் திரும்ப வர எத்தனை நாள் ஆகும்?

கோட்டாற்றில் இருந்து சைக்கிளில் வருகிற பிள்ளைக்குக் கழன்றால் மறுநாள் ஒட்டிவிடலாம். பேச்சிப்பாறைக்கு மேலே இருந்து வருகிறவர்களுக்கு ஒரு பிராக்கெட் என்பது ஒருநாள் கூலி. தூத்தூர்ப் பக்கத்தில் இருந்து ஆழ்கடல் படகில் போகிற இளைஞர் ஒருவர் எனக்கு நோயாளி. கடலுக்குப் போனால் ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல். கழன்றால் அதுவரை கழன்றதுதான். படகில் ஒழுங்காகப் பல் தேய்க்கவும் வசதி குறைவு. அவருக்குப் பிடிப்பும் வேண்டும், ஃப்ளூரைடும் வேண்டும். ஒரே பொருளில் இரண்டும் முழுதாகக் கிடைக்காது. கடைசியில் முன்பற்களுக்கு ஜெல்லும் காம்போசிட்டும் வைத்தேன், ஒவ்வொரு பல்லும் வெளுத்ததை இரண்டு முறை பார்த்துவிட்டு. கடைவாய்க்கு வளையம் மாட்டி, அதைக் கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் பதித்தேன். கடலுக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் வந்து ஃப்ளூரைடு வார்னிஷ் தடவிக்கொண்டு போகிறார். மெல்லிய கம்பியில் கொஞ்சம் மெதுவாகவே போகிறோம். அவருக்கு அது சம்மதம்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் கழன்ற பிராக்கெட்டோடு வருகிறவர்கள் கூடுவார்கள்; முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் யாரை விட்டது? அந்த வாரக் கணக்கை வைத்து எட்ச்சிங் முறையைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் கழன்ற பிராக்கெட்டின் முதுகைப் பாருங்கள். பசை முழுக்க பிராக்கெட்டில் ஒட்டி வந்து பல் வழுவழுவென்று இருந்தால், எனாமலைத் தயார்செய்ததில் கோளாறு. முறுக்குமேல் பழி போட வேண்டாம். பசை பல்லில் தங்கி பிராக்கெட் வெறுமையாக வந்திருந்தால் எட்ச்சிங் நன்றாகவே நடந்திருக்கிறது. அந்தப் பையனின் பிராக்கெட்டை அன்றைக்கே திருப்பிப் பார்த்திருந்தால், கருப்பட்டி என்று நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.

மார்த்தாண்டத்து ஜூனியருக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியல் இதுதான்: முதல் மாதம் கம்ப்ரஸருக்கு ஈரம் பிடிக்கும் ஃபில்டர், நல்ல கன்ன விலக்கி, எச்சில் உறிஞ்சும் சக்ஷன் டிப். அதோடு ஒரு சிரிஞ்ச் 37 சதவீத ஜெல், பியூமிஸ் பொடி, வழக்கமான பிரைமரும் பசையும். வளையம் பதிக்கக் கிளாஸ் அயனோமர் சின்ன டப்பா ஒன்று. செல்ஃப் எட்ச் பொட்டலம் ஐந்தாறு மட்டும் வாங்கி வை. புதைந்த கோரைப்பல்லோ, அடங்காத நாக்கோ வரும் வரை அது அலமாரியிலேயே இருக்கட்டும். காலாவதித் தேதியை மட்டும் டப்பாமேல் பெரிசாக எழுதி ஒட்டிவிடு.